பாலை நகரங்கள்: பொன்னும் மண்ணும் ஏடும்

முன்னுரை

பாலைக்கெனத் தமிழ் இலக்கணம் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையையே நம் முன்னோர் பாலை என்றனர். மழை பெய்தால் அந்நிலம் மீண்டும் தளிர்க்கும். பிரிந்து சென்ற தலைவனும் மீள்வான். ஆனால், ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடபால் பரந்து கிடக்கும் சகாரா, மழையை எதிர்பார்த்து நிற்கும் நிலமன்று. அஃது என்றும் பாலை. அத்தகைய நிலத்தின் விளிம்பில் மாநகர்கள் எழுந்தன, அரசுகள் ஓங்கின, பள்ளிவாசல்களும் கல்விக்கூடங்களும் தழைத்தன. அவற்றுள் எவை நிலைத்தன, எவை அழிந்தன, நிலைத்தவற்றை நிலைநிறுத்திய கைகள் யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுரை கண்ட பயணி

இந்நகரங்களை நமக்குக் காட்டுதற்கு உரியவர் தஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா ஆவார். இவர் தமிழகத்திற்குப் புதியவரல்லர். மாலத்தீவிலிருந்து கடல்வழி புறப்பட்டு, கி.பி. 1344ஆம் ஆண்டளவில் மஅபர் எனப்பட்ட நம் கரையில் வந்திறங்கியவர்; மதுரையையும் கண்டவர். மதுரை சுல்தான் கியாசுத்தீனின் துணைவியும் இப்னு பதூதா தில்லியில் மணந்த பெண்ணும் உடன்பிறந்தோர். மதுரை சுல்தானகத்தைத் தோற்றுவித்த ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் புதல்வியர். அவ்வாறு உறவினராய் இருந்தும், அந்தச் சுல்தான் போரில் இழைத்த கொடுமைகளை மறையாது கண்டித்து எழுதினார். உறவுக்கும் பதவிக்கும் அஞ்சாத அந்த நேர்மையே அவருடைய நூலுக்கு மதிப்பளிக்கிறது.

அவர் தம் வாழ்நாளின் இறுதிப் பெரும்பயணமாகச் சகாராவைக் கடந்தார். கி.பி. 1352ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மொராக்கோவின் தென்கோடியில் இருந்த சிஜில்மாஸா நகரிலிருந்து வணிகக் கூட்டத்தோடு புறப்பட்டார். இருபத்தைந்து நாள் நடையில் தகாசா என்னும் உப்பூரை அடைந்தார். அங்கே வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன. மரமில்லை, குடிநீரும் உவர்ப்பு. உப்பை வெட்டியெடுத்தோர் அடிமைகள். அவ்வுப்பே தெற்கே சென்று பொன்னுக்கு ஈடாக விலைபோயிற்று. பாலை நகரங்களின் செல்வச் சிறப்பைப் பேசுங்கால், அச்செல்வத்தின் அடியில் கிடந்த இம்மனிதர்களின் உழைப்பையும் நாம் நினைவில் இருத்தல் வேண்டும்.

தகாசாவுக்கு அப்பால் நீரற்ற வழி. ஆங்கே ‘தக்ஷீஃப்’ எனப்படும் முன்னோடி ஒருவனை வணிகர் கூலிக்கு அமர்த்துவர். அவன் தனியே முன்சென்று வலாத்தா நகரை அடைந்து, கடிதங்களைச் சேர்ப்பிப்பான். நகரத்தார் நான்கு இரவுத் தொலைவு எதிர்வந்து, கூட்டத்தாருக்கு நீர் கொணர்வர். முன்னோடி வழிதவறி மாண்டால் கூட்டம் முழுவதும் மாளும். இப்னு பதூதாவின் கூட்டத்தார் நூறு மித்கால் பொன் கொடுத்து ஒருவனை அமர்த்தினர். அவர்களுடைய வழிகாட்டிக்கோ ஒரு கண் குருடு. மறு கண்ணும் நோயுற்றது. எனினும் அவனே வழியை நன்கறிந்தவன் என்று வியக்கிறார் அவர். ஒரு மனிதனின் சொல்லையும் ஒரு கடிதத்தையும் நம்பிப் பலருயிர் பாலையைக் கடந்தது என்பது எண்ணத்தக்கது.

பொன் சிதறிய மன்னர்

இப்னு பதூதா மாலிப் பேரரசை அடைந்தபோது மன்சா சுலைமான் ஆட்சி நடந்தது. ‘மன்சா’ என்பது அரசரைக் குறிக்கும் சொல். அவருக்கு முன் புகழோங்கி ஆண்டவர் அவருடைய தமையனார் மன்சா மூஸா ஆவார் (ஆட்சி 1312-1337). மூஸா கி.பி. 1324ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 724இல், ஹஜ் கடமையை நிறைவேற்றப் பெரும் பரிவாரத்தோடு கெய்ரோ வழியே சென்றார். அந்நகரில் அவர் வாரி வழங்கிய பொன்னால் அங்கே பொன்னின் விலையே வீழ்ந்தது. அதற்குமுன் 25 திர்ஹத்துக்குக் குறையாதிருந்த ஒரு மித்கால் பொன், பின்னர் 22க்கும் கீழிறங்கியதென்றும், பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் அந்நிலை மாறவில்லை என்றும் அல்-உமரீ என்னும் அறிஞர் எழுதி வைத்தார். கி.பி. 1375இல் வரையப்பெற்ற கத்தலான் நிலப்பட நூலில், கையில் பொற்கட்டி ஏந்திய கோலத்தில் மூஸாவின் உருவம் தீட்டப்பட்டுள்ளது.

ஆயினும், இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. திரும்பும் வழியில் மன்னரிடம் பொருள் தீர்ந்துபோயிற்று. எகிப்திய வணிகரிடம் அவர் கடன் பெற்றார். கடன் கொடுத்தோருள் ஒருவரான இஸ்கந்தரிய்யா நகரத்து சிராஜுத்தீன் என்பார், கடனை வசூலிக்க மாலிக்கே சென்று, திம்புக்து நகரில் இறந்தார். கிரனடாவில் பிறந்து மூஸாவின் ஆதரவில் வாழ்ந்த கவிஞர் அபூ இஸ்ஹாக் அஸ்ஸாஹிலீயின் அடக்கத்தலமும் அந்நகரிலேயே இருந்தது. கி.பி. 1353இல் அங்குச் சென்ற இப்னு பதூதா இவ்விரு அடக்கத்தலங்களையும் குறிப்பிடுகிறார். உலகம் வியந்த மன்னரின் நகரில் அவர் குறித்து வைத்தவற்றுள் ஒரு புலவரின் கல்லறையும், கடன் கேட்டு வந்தவரின் கல்லறையும் இடம்பெற்றன.

மன்சா சுலைமான் தமக்கு அனுப்பிய வரவேற்புப் பரிசு மூன்று ரொட்டியும், பொரித்த மாட்டிறைச்சித் துண்டும், ஒரு சுரைக்குடுவைத் தயிரும்தான் என்று அவர் நகைத்து எழுதினார். அதே மூச்சில் அந்நாட்டு மக்களின் நீதியையும், வழிப்போக்கர் அஞ்சாது செல்லும் காவலையும், தொழுகையில் அவர்கள் காட்டிய பேணுதலையும் மனமாரப் போற்றினார். திருக்குர்ஆனை மனனம் செய்யும்வரை பிள்ளைகளின் கால்களில் விலங்கிட்டு வைத்ததையும் கண்டு எழுதினார். இன்றைய ஆசிரியர் அம்முறையை ஏற்கமாட்டார். எனினும், கல்வி அங்கே எத்துணை இன்றியமையாததாகக் கருதப்பட்டது என்பதற்கு அது சான்றாகும்.

சேற்றால் எழுந்த இறையில்லங்கள்

திம்புக்து நகர் நைஜர் ஆற்றின் வளைவுக்கு அண்மையில், மணலும் நீரும் சந்திக்கும் இடத்தில் அமைந்தது. ஒட்டகமும் ஓடமும் கைமாற்றிக்கொள்ளும் துறை எனலாம். அங்குள்ள ஜிங்கரேபர் பெரிய பள்ளிவாசல் மன்சா மூஸாவின் ஆணையால் கி.பி. 1327இல் எழுந்தது. சங்கோரே, சீதீ யஹ்யா என்பன மற்றைய இரு பழம் பள்ளிகள். சங்கோரேயைச் சூழ்ந்து ஆசிரியர்தம் இல்லங்களே வகுப்பறைகளாயின. ஓர் ஆசிரியரிடம் ஒரு நூலைக் கற்று முடித்த மாணவர் அதற்கான ‘இஜாஸா’ பெற்று அடுத்தவரை நாடிச் சென்றார்.

இப்பள்ளிவாசல்கள் பெரும்பாலும் பச்சை மண்ணால் ஆனவை. சுவர்களிலிருந்து மரக்கட்டைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். அவை பூச்சு வேலைக்குரிய சாரமாகவும் பயன்படும். மழைக்காலம் குறுகியதே எனினும், பெய்யும் மழை மண்பூச்சை அரித்துவிடும். ஆகவே, ஊரார் கூடி மீண்டும் சேறு குழைத்துப் பூசுதல் வேண்டும். கொத்தர் குடும்பங்கள் தலைமை தாங்க, இளைஞர் மண் சுமக்க, பெண்டிர் நீர் கொணர, முதியோர் மேற்பார்க்க அப்பணி திருவிழாப்போல் நிகழும். கட்டியவர் மன்னராயினும் காத்தவர் ஊர்மக்களே. சில பருவங்கள் மக்கள் கைவிட்டிருந்தால், ஏழு நூற்றாண்டுப் பள்ளிவாசல் மண்மேடாகியிருக்கும்.

நைஜர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள காவோ நகரிலும் இதனைக் காணலாம். அது சொங்கைப் பேரரசின் தலைநகர். அங்கே 1493இல் அரியணை ஏறிய அஸ்கியா முஹம்மது ஹஜ் செய்தவர். ஆட்சிமுறை குறித்து ஆலிம்களிடம் வினாக்கள் தொடுத்து விடை பெற்றவர். அவ்வினாக்களுக்கு அல்-மகீலீ எழுதிய மறுமொழி இன்றும் கிடைக்கின்றது. அத்தகைய பேரரசர் முதுமையில் பார்வை இழந்து, தம் மகனாலேயே அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். அவர் பெயர் தாங்கிய அடக்கத்தலம் 17 மீட்டர் உயரமுள்ள மண் கூம்பாக இன்றும் நிற்கின்றது. அதனைச் சுற்றிய பள்ளிவாசலில் மக்கள் தொழுதனர். அதனாலேயே அதைப் பேணினர். 2004இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது.

சங்கிலியில் கட்டுண்ட அறிஞர்

கி.பி. 1591இல் மொராக்கோவின் சஅதீ மன்னர் அஹ்மது அல்-மன்சூரின் படை, துப்பாக்கிகளோடு சகாராவைக் கடந்து, தொந்திபி என்னுமிடத்தில் சொங்கைப் படையை முறியடித்தது. முஸ்லிம் மன்னர் ஒருவர் முஸ்லிம் அரசொன்றைப் பொன்னுக்காக வீழ்த்திய நிகழ்ச்சி இது. இரண்டாண்டுகளில் திம்புக்துவின் ஆலிம்கள் சிறைப்பிடிக்கப்பட்டு, பாலைவழியே வடக்கே மர்ராகுஷ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தலையாயவர் அஹ்மது பாபா (1556-1627).

அவர் மன்னர் முன் நிறுத்தப்பட்ட காட்சியை மொராக்கோ வரலாற்றாசிரியரே பதிந்துள்ளனர். மன்னர் திரைக்குப் பின்னிருந்து பேசினார். திரைக்கப்பால் இருந்து பேசுவது இறைவனுக்குரியது எனத் திருக்குர்ஆனைச் சுட்டி, தம்மோடு பேச வேண்டின் வெளியே வருமாறு அறிஞர் கூறினார். திரை விலகியது. ‘என் நூல்களைக் கொள்ளையிட்டதும், என்னைச் சங்கிலியில் பிணித்து இழுத்துவந்ததும், ஒட்டகத்திலிருந்து வீழ்ந்து என் கால் முறிந்ததும் எதற்காக?’ என்னும் கருத்துப்பட வினவினார். முஸ்லிம் உலகை ஒன்றாக்கவே என்றார் மன்னர். அவ்வாறாயின் அண்மையிலுள்ள துருக்கியரை விட்டுவிட்டு எங்களை நாடியது ஏன் என்றார் அறிஞர். மன்னரிடம் விடையில்லை.

தாம் இழந்த நூல்கள் 1,600 என்றும், தம் குடும்பத்தாருள் தம்முடையதே மிகச் சிறிய நூலகம் என்றும் அஹ்மது பாபா கூறினார். அவர் மர்ராகுஷிலும் மாணவரைக் கூட்டிப் பாடம் நடத்தினார். அல்-மன்சூர் 1603இல் இறந்தபின், 1608இல் ஊர் திரும்பினார். கருநிறம் அடிமைத்தனத்துக்குக் காரணமாகாது என்றும், சுதந்திர முஸ்லிம்களை அடிமையாக்குதல் கூடாது என்றும் 1615இல் அவர் வரைந்த தீர்ப்பு புகழ்பெற்றது.

மர்ராகுஷில் அல்-மன்சூர் எழுப்பிய ‘அல்-பதீஃ’ அரண்மனை இத்தாலிய சலவைக்கல்லாலும் பொன்னாலும் ஒளிர்ந்தது. அதன் திறப்பு விருந்தில், இஃது இடிந்தபின் நல்ல மண்மேடாகும் என்று ஒருவர் கூறியதாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின் மௌலாய் இஸ்மாயில் என்னும் மன்னர் அதன் சலவைக்கற்களைப் பெயர்த்துத் தம் மெக்னஸ் நகருக்குக் கொண்டுசென்றார். இன்று அங்குச் செல்வோர் காண்பது வெறுஞ்சுவர்களும், அவற்றின்மேல் கூடு கட்டிய நாரைகளுமே. அம்மன்னர் சங்கிலியிட்டு அழைத்துவந்த அறிஞரின் நூல்களோ இன்றும் படிக்கப்படுகின்றன.

மணலுக்குள் ஒளித்த ஏடுகள்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திம்புக்துவைக் கண்ட லியோ ஆஃப்ரிக்கானஸ் என்னும் ஹசன் அல்-வஸ்ஸான், ஏனைய சரக்குகளைக் காட்டிலும் நூல் வணிகமே அங்கு மிகுந்த ஆதாயம் தருவதாக எழுதினார். நூலைப் படியெடுத்தவருக்கும் ஒப்புநோக்கியவருக்கும் அளித்த கூலியை மித்கால் கணக்கில் குறித்துள்ள ஏடும் கிடைத்துள்ளது. மார்க்கச் சட்டம், வானியல், மருத்துவம், இலக்கணம், வணிக உடன்படிக்கை, குடும்பக் கடிதம் எனப் பொருள் விரிந்தது. பெரும்பாலானவை அரபு மொழியில் அமைந்தவை. சில, சொங்கை, ஃபுலானி முதலிய தாய்மொழிகளை அரபு எழுத்தில் எழுதியவை. அம்முறையை ‘அஜமீ’ என்பர்.

மேற்கே, இன்றைய மவுரித்தானியா நாட்டின் ஷின்கீத் நகரிலும் இவ்வாறே. ஹஜ்ஜுக்குச் செல்வோர் கூடும் இடமாக அது விளங்கியது. அதன் பள்ளிவாசல் மினாராவின் உச்சியை நெருப்புக்கோழி முட்டைகள் அணிசெய்கின்றன. மணற்குன்றுகள் தெருக்களை விழுங்கிவரும் அவ்வூரில் சில குடும்பங்கள் தம் முன்னோர் சேர்த்த நூல்களை இன்றும் காத்து நிற்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படை திம்புக்துவைக் கைப்பற்றியபோது, பல குடும்பத்தார் ஏடுகளைப் பெட்டியிலிட்டு மணலில் புதைத்தனர், சுவர்களுக்குள் மறைத்தனர். விடுதலைக்குப் பின், 1970களில் அஹ்மது பாபாவின் பெயரால் அரசு நிறுவிய ஆய்வகம் அவற்றைத் திரட்டத் தொடங்கியது.

பின்னர் 2012இல் பேரிடர் வந்தது. ஆயுதக் குழுவினர் நகரைக் கைப்பற்றினர். 333 இறைநேசர்களின் நகர் எனப் போற்றப்பட்ட அவ்வூரில் பதினான்கு அடக்கத்தலங்களைத் தகர்த்தனர். உலக முடிவுவரை திறவாது என மக்கள் நம்பிவந்த சீதீ யஹ்யா பள்ளியின் கதவையும் உடைத்தனர். அடக்கத்தலங்களை நாடிச் செல்வது குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றை ஆலிம்கள் ஆய்ந்து உரைப்பர். ஆனால், கருத்து வேறுபாட்டைக் கோடரியால் தீர்க்க முற்படுவது அறிவுடையோர் வழியன்று. அடுத்த ஆண்டு சனவரியில் அவர்கள் பின்வாங்கியபோது, ஆய்வகத்தின் ஏறத்தாழ 4,000 ஏடுகள் தீக்கிரையாயின.

எனினும், அழிந்தது சிறு பகுதியே. நூலகர்களும் குடும்பத்தாரும் வாகன ஓட்டிகளும் ஓடக்காரரும் கைகோத்து, இரும்புப் பெட்டிகளில் ஏடுகளை அடைத்து, இரவோடிரவாகத் தலைநகர் பமாக்கோவுக்கு அனுப்பியிருந்தனர். அடக்கத்தலங்களும் வீழ்ந்தபடியே கிடக்கவில்லை. ஊர்க் கொத்தர்கள் பழைய படங்களையும் முதியோர் நினைவையும் துணைக்கொண்டு, 2014, 2015ஆம் ஆண்டுகளில் அவற்றைப் பழைய முறையிலேயே எழுப்பினர். 2016இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம், இவ்வழிவில் பங்கேற்ற ஒருவருக்கு ஒன்பது ஆண்டுச் சிறை விதித்தது. 2025 ஆகஸ்டில் ஏடுகளின் ஒரு பகுதி பமாக்கோவிலிருந்து தாயகம் திரும்பியது.

நம் வீட்டுப் பெட்டிகள்

‘அஜமீ’ முறை நமக்கு அயலானதன்று. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் அதன் உடன்பிறப்பேயாகும். ட, ப, ங முதலிய தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் புது வடிவங்கள் கண்டனர். கீழக்கரை இமாமுல் அரூஸ் (1816-1898) போன்ற பெருமக்கள் அவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினர். தமிழ் நெடுங்கணக்கைப் பயிலாத பெண்டிர் பலர், குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தமிழில் மார்க்கமும் மருத்துவமும் படித்தனர்.

இன்று அவ்வெழுத்தைப் படிப்போர் அருகிவருகின்றனர். இங்கேதான் ஓர் இடர் உள்ளது. பழுதுற்ற திருக்குர்ஆன் தாள்கள் காலடியில் படாதவாறு அவற்றை மண்ணில் புதைப்பதும் நீரில் இடுவதும் நம்மிடையே உள்ள கண்ணியமான வழக்கம். அரபுத்தமிழ்ச் சுவடியும் பார்வைக்கு அரபு ஏடே. படிக்கத் தெரியாத பேரன், பாட்டியின் பெட்டியில் கண்ட மஞ்சளேறிய தாள்களைத் திருமறைத் தாள் என எண்ணி, பக்தியோடு புதைத்துவிடக்கூடும். திம்புக்து மக்கள் மீட்டெடுப்பதற்காகப் புதைத்தனர். நாம் புதைத்தால் மீட்பார் இல்லை. பகைவன் கொளுத்தினால் உலகம் அறியும். அன்பினால் அழிவதை யாரும் அறியார்.

ஆகவே, மாணவர்கள் தத்தம் இல்லங்களில் உள்ள பழந்தாள்களை அப்புறப்படுத்துமுன் அறிந்தோரிடம் காட்டுதல் வேண்டும். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த முதியோர் இருப்பின், அவர் படிக்கக் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். கைபேசியில் பக்கந்தோறும் படமெடுத்து, எவர் இல்லத்தது, எவ்வூரது என்று குறித்தல் வேண்டும். கிழிந்த தாளில் ஒட்டுநாடா ஒட்டுதல் ஆகாது. அதன் பசை நாளடைவில் தாளையே கெடுக்கும். ஆசிரியர்கள் ஆண்டுக்குச் சில மாணவர்க்கேனும் அவ்வெழுத்தைக் கற்பித்தல் வேண்டும். சமுதாயப் பெரியோர் இதற்குத் துணைநிற்றல் வேண்டும்.

முடிவுரை

மன்சா மூஸாவின் பொன் கெய்ரோவின் கடைத்தெருவில் கரைந்தது. அல்-மன்சூரின் அரண்மனையில் நாரைகள் குடியேறின. சேறு பூசிய பள்ளிவாசலும் பெட்டியில் கிடந்த ஏடும் நின்றன. மக்கள் மீண்டும் மீண்டும் கைவைத்தமையால் நின்றன. மாலியின் வடபகுதியில் அமைதி முழுமையாகத் திரும்பாமையால், திம்புக்துவுக்குச் செல்லும் வழி பயணிகளுக்கு இன்னும் எளிதாகவில்லை. நம் பாட்டன்மாரின் பெட்டிகளுக்குச் செல்லும் வழியோ திறந்தே கிடக்கிறது. அவ்வெழுத்தைப் படித்துக் காட்டவல்ல முதியோர் நம்மிடையே உள்ளபோதே அப்பயணத்தைத் தொடங்குவோமாக. வல்ல இறைவன் அதற்கு அருள் புரிவானாக.